கடை மூடியிருக்கிறது

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘தி ஷாப் இஸ் குளோஸ்டு’ என்பதில் ‘குளோஸ்டு’ பாஸ்ட் பார்ட்டிசிபிளா (வினையின் மூன்றாம் வடிவம்), அட்ஜெக்டிவா (பெயரடை)? ‘வெரி’ சேர்த்துப் பார் என்கிறது கைடு. ‘வெரி குளோஸ்டு’ என்று யாரும் சொல்வதில்லையே. ‘ட்ரங்க்’, ‘ட்ரங்கன்’ வேறுபாட்டையும் விளக்க வேண்டுகிறேன். தமிழ்வழியில் படித்ததால்தான் இவையெல்லாம் எனக்குப் பிடிபடவில்லை போலும்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

‘ட்ரங்கன்’ பெரும்பாலும் பெயருக்கு முன்னால் மட்டும் நிற்கும் பழைய வடிவம். அதற்கு அகராதியே போதும். ‘வெரி’ சோதனை ஒருவழிப் பாதை. ‘வெரி டயர்டு’ என்று சொல்ல முடிவதால் ‘டயர்டு’ அட்ஜெக்டிவ் என்று துணியலாம். ‘வெரி’ ஒட்டவில்லை என்பதற்காக ஒரு சொல்லை வினையென்று தள்ளிவிட முடியாது. ‘டெட்’ என்பதற்கு முன்னால்கூடத்தான் ‘வெரி’ வருவதில்லை. அது அட்ஜெக்டிவ் இல்லையா?

உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கோபமூட்டியது. எட்டாம் வகுப்பில் எங்கள் ஆங்கில ஆசிரியர் இதே வாக்கியத்தைத் தமிழாக்கச் சொன்னார். ‘கடை மூடியிருக்கிறது’ என்று எழுதினேன். ‘இஸ்’ஸோடு வினையின் மூன்றாம் வடிவம் வந்தால் செயப்பாட்டு வினை, ஆகவே ‘கடை மூடப்படுகிறது’ என்பதே சரி என்று சிவப்பு மையால் அடித்து, என்னை முட்டி போடவைத்தார். பசியோடு வரும் பிள்ளைகளுக்குத் தம் சாப்பாட்டைப் பகிர்ந்துகொடுத்த மனிதர் அவர். ஆனால், பூட்டுத் தொங்கும் கடையைப் பார்த்து அவர் வீட்டில் யாராவது ‘மூடப்படுகிறது’ என்று சொல்லியிருப்பார்களா என்பதை மட்டும் அவர் யோசிக்கவேயில்லை.

‘தி விண்டோ வாஸ் புரோக்கன்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். திருடன் கல்லெறிந்த நிகழ்ச்சியைச் சொல்கிறதா, குடிவந்த அன்று நாம் கண்ட நிலையைச் சொல்கிறதா என்பதை ஆங்கிலம் படிப்பவன் அக்கம்பக்கத்துச் சொற்களைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும்: ‘பை எ தீஃப்’ என்று தொடர்ந்தால் பெரும்பாலும் நிகழ்ச்சி, ‘வாஸ்’ இருக்கும் இடத்தில் ‘லுக்டு’ பொருந்தினால் நிலை. தமிழில் முன்னது ‘சன்னல் உடைக்கப்பட்டது’, பின்னது ‘சன்னல் உடைந்திருந்தது’. உடை என்ற ஒரே வினையை ‘உடைந்த’, ‘உடைத்த’ என்று தன்வினை பிறவினையாகப் பிரித்து, அதன்மேல் ‘இரு’ என்ற துணைவினையையும் ஏற்றி, நீங்கள் கேட்கும் வேறுபாட்டை நாள்தோறும் பிழையில்லாமல் பேசுகிறீர்கள். அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு கைடைப் புரட்டுகிறீர்கள்! முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்; ‘மூடியிருக்கிறது’ என்று வாயில் வந்தால் அது அட்ஜெக்டிவ், ‘ஆறு மணிக்குக் காவலாளியால் மூடப்பட்டது’ என்று வந்தால் பார்ட்டிசிபிள்.

இன்னொன்றும் உண்டு. ‘அன்ஓபன்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வினை கிடையாது; ஆகவே ‘தி லெட்டர் வாஸ் அன்ஓபன்டு’ என்பதில் வருவது ஐயமில்லாமல் அட்ஜெக்டிவ்தான். தமிழில் ‘கடிதம் பிரிக்காமல் இருந்தது’ என்போம். பாருங்கள், இங்கேயும் ‘இரு’ வந்துவிட்டது.

‘ஐ வாஸ் வெரி சர்ப்ரைஸ்டு பை ஹிஸ் ரிப்ளை’ என்பதில் ‘வெரி’யும் வருகிறது, ‘பை’யும் வருகிறது. பெரிய இலக்கண நூல்களே அதை எல்லைக்கோட்டில்தான் நிறுத்துகின்றன. தேர்வில் அது வந்தால் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.