முகவரிகள் மாறியபின் குறைந்த வருகை குறித்து

வணக்கம். உங்கள் இணையதளம் புதிய வடிவமைப்புக்கு மாறியபோது அதன் பக்கங்களின் முகவரிகளும் மாறிவிட்டன என்றும், பழைய முகவரிகள் அனைத்தையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிட்ட பிறகும் கூகுள் வழி வருகை சரிந்துகொண்டே இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். சிக்கல் அந்தத் திருப்புதலில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். தொடர்பில்லாத பக்கத்துக்குத் திருப்பப்படும் முகவரியை, 301 (நிரந்தரத் திருப்புதலுக்கான குறியீடு) கொடுத்திருந்தாலும், கூகுள் பெரும்பாலும் 'சாஃப்ட் 404' ஆகவே, அதாவது இல்லாத பக்கமாகவே எடுத்துக்கொள்கிறது; அதனால் பழைய பக்கம் காலப்போக்கில் பிற தளங்களிலிருந்து ஈட்டிய இணைப்புகளின் மதிப்பு புதிய பக்கத்துக்கு வந்து சேர்வதில்லை.

கூகுள் தேடலில் உங்கள் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் மாற்றத்துக்கு முந்தைய மூன்று மாதங்களைத் தேர்ந்தெடுத்தால், அதிகச் சொடுக்குகள் பெற்ற பழைய முகவரிகள் வரிசையாகத் தெரியும். அவற்றிலிருந்து தொடங்குங்கள். மிதிவண்டிச் சங்கிலிப் பராமரிப்பு பற்றிய பழைய கட்டுரை என்றால், அது அதே கட்டுரையின் புதிய முகவரிக்கு நேரடியாகப் போக வேண்டுமே தவிர, 'கட்டுரைகள்' என்ற பட்டியல் பக்கத்துக்குக்கூடப் போகக் கூடாது. ஈடான பக்கம் இல்லாதவற்றை 404 ஆகவே, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பதிலாகவே விட்டுவிடலாம்; அதில் தவறில்லை. தளவரைபடத்தில் (தேடுபொறிகளுக்குத் தரும் பக்க முகவரிப் பட்டியலில்) புதிய முகவரிகள் மட்டும் இருக்கட்டும்.

திருப்புதல்களைக் குறைந்தது 1 ஆண்டுக்காவது நீக்காதீர்கள். இதற்கிடையில், வருகையை மீட்டுத் தருவதாகச் சொல்லி இணைப்புகளை விற்பவர்களிடம் தயவுசெய்து பணம் கொடுத்துவிடாதீர்கள். தரவரிசைக்காக இணைப்புகளை விலைக்கு வாங்குவது கூகுளின் ஸ்பேம் கொள்கைக்கு எதிரானது.