கருவூலத்தார் பதில்கள்: வைரம் யாருக்குச் சொந்தம்?

(வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கருவூல அலுவலர் ஒருவரின் பதில்கள்)

கேள்வி: வைரம் கிடைத்த ஆப்பிரிக்க நாடுகள் சில ரத்தக்களரியானபோது போட்ஸ்வானா மட்டும் முன்னேறியதே, வெறும் அதிர்ஷ்டம்தானா? – வாசகர், கோவில்பட்டி

பதில்: அதிர்ஷ்டம் சியரா லியோனுக்கும்தான் அடித்தது. போட்ஸ்வானாவைவிட முன்னதாகவே அடித்தது. 1961இல் விடுதலை பெற்றபோது அங்கே வைரம் இருந்தது, துறைமுகம் இருந்தது, ரயில் பாதை இருந்தது. 1968இல் ஆட்சிக்கு வந்த சியாகா ஸ்டீவன்ஸ் வைரத்தைத் தன் ஆட்களுக்கான சன்மானமாக்கினார். எழுபதுகளில் ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தையும் பெயர்த்தார்கள். 1991இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 2002 வரை ஓயவில்லை.

1966இல் விடுதலை பெற்ற போட்ஸ்வானாவின் கதையைக் கேளுங்கள். நாடு முழுவதற்கும் தார்ச்சாலை சுமார் 12 கிலோமீட்டர். பட்டதாரிகள் இருபத்துச் சொச்சம் பேர். ஆங்கிலேயர்கள் அதை நிர்வகித்ததே எல்லைக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங்கிலிருந்து! முதல் சில ஆண்டுகள் பிரிட்டன் அனுப்பிய மானியம் இல்லாவிட்டால் வரவு செலவுக் கணக்கு நேராகியிருக்காது. கஜானா காலியாக இருக்கும் ஊரில் கருவூல அதிகாரியாக இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். நாடே அப்படி இருந்தால்?

அந்த வறுமையிலும் ஒரு காரியத்தைச் செய்தார்கள். கனிம உரிமைகள் அந்தந்தப் பழங்குடியிடம் இருந்தன. அவற்றைப் பேச்சு நடத்தி அரசிடம் சேர்ப்போம் என்று ஆளுங்கட்சி 1965 தேர்தல் அறிக்கையிலேயே எழுதியது, 1967இல் சட்டமாக்கியது. அதே ஆண்டு ஒராபாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. அது யார் நிலம்? குடியரசுத் தலைவர் செரெட்சே காமா பிறந்த பமங்வாட்டோ குடியின் நிலம்! குடித்தலைமைக்கு வாரிசாகப் பிறந்தவர், தன் குடிக்கு வரவேண்டிய செல்வத்தை நாட்டுக் கணக்கில் வரவு வைத்தார். சொத்துத் தகராறில் அண்ணன் தம்பியே பேசாமல் போகும் குடும்பங்களைப் பார்த்தவன் நான். இதை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

சுரங்க நிறுவனத்தில் அரசுக்கு முதலில் கிடைத்தது 15 சதவீதப் பங்குதான். 1975இல் சுரங்கத்தை நடத்திய டி பீர்ஸ் என்ற வைர நிறுவனத்துடன் மீண்டும் பேரம் பேசி அதை 50 ஆக்கினார்கள். பேரம் பேச ஆள் வேண்டுமே! உள்ளூர்க்காரர் தேறும்வரை வெளிநாட்டு அதிகாரிகளை வைத்துக்கொள்ள காமா கூசவில்லை. அப்போது அவருக்கு வசவும் விழுந்தது.

அதிர்ஷ்டத்தின் பங்கையும் மறைக்கக் கூடாது. சியரா லியோனில் வைரம் ஆற்றுப்படுகையில் பரவிக் கிடந்தது. மண்வெட்டியும் சல்லடையும் உள்ளவன் எவனும் அள்ளலாம், கடத்தலாம். போட்ஸ்வானாவில் அது பாறைக்குள் ஆழமாக ஓரிடத்தில் இருந்தது. வேலி போட்டுக் காவல் வைப்பது சுலபம்.

கேள்வி: அப்படியானால் நல்ல தலைவர் ஒருவர் வாய்த்தால் போதும், இல்லையா? – கல்லூரி மாணவி, திருவாரூர்

பதில்: காமா 1980இல் பதவியிலிருக்கும்போதே இறந்தார். நாடு தடுமாறவில்லை. அதுவரை துணைத் தலைவராகவும் நிதி அமைச்சராகவும் இருந்த மசிரே பொறுப்பேற்று 1998 வரை ஆண்டார். பிறகு தானாகவே விலகினார். தலைவரையே கேள்வி கேட்கும் பழக்கம் அங்கே பழையது. க்கோட்லா என்ற ஊர்ச்சபையில் யாரும் எழுந்து குறை சொல்லலாம். 1948இல் லண்டனில் வெள்ளைக்காரப் பெண்ணை மணந்த காமாவே, மறு ஆண்டு அந்தச் சபையில் நின்று ஊராரின் சம்மதத்தைப் பெற வேண்டியிருந்தது. ஊர் ஏற்றது, ஆங்கிலேய அரசு ஏற்காமல் அவரை நாடு கடத்தியது. தலைவர் நல்லவர்தான், தவறினால் தட்டிக் கேட்கச் சபையும் இருந்தது. இரண்டாவதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

கேள்வி: ஒரே புகழ்ச்சியாக இருக்கிறதே, அங்கே குறையே கிடையாதா? – வாசகர், ஈரோடு

பதில்: ஏராளம். ஏற்றத்தாழ்வில் உலகின் மோசமான நாடுகளில் ஒன்று. வைரத்தை விட்டு வேறு தொழிலுக்கு நகர முடியவில்லை. ஆய்வுக்கூடத்தில் செய்யும் வைரம் சந்தைக்கு வந்ததும் வருமானம் ஆட்டம் காண்கிறது. மத்திய கலஹாரியில் தொன்றுதொட்டு வாழ்ந்த சான் பழங்குடி மக்களை அங்குள்ள வனவிலங்குக் காப்பகத்திலிருந்து வெளியேற்றியதும் இதே திறமையான அரசுதான். 2006இல் உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. எச்.ஐ.வி. அந்த நாட்டைச் சூறையாடியது. ஆனால் 2002இல் பொது மருத்துவமனைகளில் இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியதற்குக் கையில் பணமும் இருந்தது, கொண்டுசேர்க்க ஆளும் இருந்தது. விடுதலை முதல் ஆண்ட கட்சியை 2024இல் மக்கள் தோற்கடித்தார்கள். தோற்றவர் ஒப்புக்கொண்டு ஆட்சியை ஒப்படைத்தார்.

கேள்வி: அந்த நாட்டிடம் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? – வாசகி, தேனி

பதில்: தேசிய வளர்ச்சித் திட்டத்தில் இல்லாத வேலையை நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் தொடங்கக் கூடாது என்ற விதி. நிதியாண்டு முடியும் மார்ச் 31 அன்று இரவு பத்து மணிக்கு மேல், மை காயாத பட்டியல்களுடன் என் மேஜையைச் சூழ்ந்து நின்றவர்களை நினைத்துக்கொண்டு சொல்கிறேன்: அந்த விதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பேன்.