பழைய காருக்கு எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர்: மாட்டும்போதும் மக்கர் செய்யும்போதும்

ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட், கண்டென்சரைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக்குக்கு மாறுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம். பெயரில் எலெக்ட்ரானிக் என்று இருப்பதால் உள்ளே எல்லாமே மாறிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். மாறியது ஒரு சுவிட்ச் மட்டும்தான். காயிலுக்குப் போகும் கரன்ட்டை வெட்டிவிடும் வேலையை முன்பு பாயின்ட் செய்தது, இப்போது மாட்யூல் என்னும் சிறு பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் செய்கிறது. ரோட்டர், கேப், வேகம் கூடும்போது ஸ்பார்க்கை முன்கூட்டியே வரவைக்கும் அட்வான்ஸ் எடைகள், அவற்றின் ஸ்பிரிங், எஞ்சினின் உறிஞ்சலால் அதே வேலையைச் செய்யும் வாக்யூம் டப்பா எல்லாம் பழையபடிதான். ஆகவே வண்டி மக்கர் செய்தால் முதல் சந்தேகம் மாட்யூல் மேல் விழ வேண்டியதில்லை.

கே: சார், என் வண்டி பாயின்ட்டிலேயே நன்றாக ஓடுகிறது. மாற்றினால் பவர் கூடுமா?

கூடாது. சரியாக வைத்த பாயின்ட்டுக்கும் எலெக்ட்ரானிக்குக்கும் சாதாரண ஓட்டத்தில் பவர் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் சில மாதம் கழித்துத்தான் தெரியும். பாயின்ட்டின் கேம் மேல் உரசும் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங், அதாவது ஸ்பார்க் வரும் நேரம், மெதுவாகப் பின்னால் போகும். எலெக்ட்ரானிக்கில் உரசும் பாகம் இல்லாததால் வைத்த டைமிங் வைத்த இடத்தில் நிற்கும். கார் கம்பெனிகளே இதற்காகத்தான் மாறின. க்ரைஸ்லர் 1973 மாடல்களிலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1975 மாடல்களிலும் எலெக்ட்ரானிக்கை எல்லா வண்டிக்கும் கொண்டுவந்தன.

பாயின்ட் வைப்பது உங்களுக்குப் பிடித்த வேலை என்றால் அப்படியே விடுங்கள். மாற்றினாலும் கழற்றிய பாயின்ட் தட்டைக் கண்டென்சரோடு டிக்கியில் போட்டு வையுங்கள். மாட்யூல் வழியில் உயிரை விட்டால் அதுதான் வீடு சேர்க்கும்.

கே: பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டுக்குப் பதிலாக உட்காரும் எலெக்ட்ரானிக் கிட் போடலாமா, முழுசாகப் புதிது வாங்கலாமா?

கேப்பைக் கழற்றி ரோட்டர் ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் கிட்டுக்குச் செலவழிக்காதீர்கள். ஷாஃப்ட் ஆடினால், ஸ்பார்க் நேரத்தை மாட்யூலுக்குச் சொல்லும் சென்சாரான பிக்கப்புக்கும் சுழலும் பாகத்துக்கும் இடையே உள்ள சந்து ஒவ்வொரு சுற்றிலும் மாறும், சிலிண்டருக்குச் சிலிண்டர் டைமிங் மாறும். அடுத்து ரோட்டரைக் கையால் சுழலும் திசையில் திருப்பி விடுங்கள். தானாகத் துள்ளித் திரும்ப வேண்டும். சோம்பலாக வந்தால் எடைகள் துருப்பிடித்திருக்கின்றன. சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்.

முழுசாகப் புதிது வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. விலை மலிவாக வருபவற்றில் பல எஞ்சின்களுக்கும் பொதுவாக ஒரே அட்வான்ஸ் வளைவு வைத்திருப்பார்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டில்காரர்களுக்கு 009 என்றாலே தெரியும். வாக்யூம் இல்லாத அந்த டிஸ்ட்ரிபியூட்டரை, வாக்யூமுக்காக அமைத்த கார்புரேட்டரோடு சேர்த்தால், ஐடிலிங்கிலிருந்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் தயங்கும். அதற்குள் எலெக்ட்ரானிக் கிட்டைப் போட்டாலும் அதே தயக்கம்தான். ஷாஃப்ட் நன்றாக இருந்தால் என் ஓட்டு பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் கிட் போடுவதற்கே.

கே: அண்ணே, கழற்றி மாட்டவே பயமாக இருக்கிறது. வரிசையாகச் சொல்ல முடியுமா?

பேட்டரியைத் தொடுவதற்கு முன், ஒன்றாம் சிலிண்டரை டாப்புக்கு, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அதுவும் கம்ப்ரெஷன் டாப். ஒன்றாம் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு புல்லியை ஸ்பேனரால் மெதுவாகத் திருப்புங்கள். விரலைக் காற்று தள்ளும்போது, புல்லிக் குறி நேருக்கு வரும் இடம்தான் நமக்கு வேண்டியது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று சுற்றும். புல்லிக் குறியை மட்டும் நம்பினால் பாதிக்குப் பாதி தப்பாகும்.

இப்போது கேப்பைத் திறந்து ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பிலும் எஞ்சின் பிளாக்கிலும் பெயின்ட்டால் கோடு போடுங்கள். ஒரு போட்டோவும் எடுங்கள். பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். அப்புறம் உங்கள் எஞ்சின் எந்த வகை என்று பாருங்கள். மினி, பீட்டில் போன்றவற்றில் டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் நடுவை விட்டு விலகிய நாக்கு இருக்கும். அது ஒரே விதமாகத்தான் உள்ளே இறங்கும், கவலையே இல்லை. ஷெவர்லே வி8 போன்றவற்றில் சாய்ந்த பல் உள்ள கியர் ஷாஃப்டிலேயே இருக்கிறது. மேலே தூக்கும்போது ரோட்டர் கொஞ்சம் திரும்பும். தூக்கி முடித்ததும் அது நிற்கும் இடத்துக்கு இரண்டாவது கோடு போடுங்கள். புதிதை இறக்கும்போது ரோட்டரை இரண்டாவது கோட்டில் வைத்து இறக்கினால் முதல் கோட்டில் வந்து உட்காரும்.

கடைசி அரை அங்குலம் இறங்க மறுத்தால் அடித்து இறக்காதீர்கள். கீழே ஆயில் பம்ப்பின் தண்டோடு அது பொருந்தவில்லை என்று அர்த்தம். நீளமான ஸ்க்ரூடிரைவரால் அந்தத் தண்டைச் சிறிது திருப்பிவிட்டு மறுபடி முயலுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் வெளியே இருக்கும்போது யாரும் செல்ஃப் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளக் ஒயர்களை மொத்தமாகப் பிடுங்காமல் பழைய கேப்பிலிருந்து புதியதற்கு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். காந்தப் பிக்கப் வகையாக இருந்தால் அதன் இடைவெளியைப் பித்தளை ஃபீலர் கேஜால் வையுங்கள். இரும்புக் கேஜ் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு தப்பான அளவு காட்டும்.

கே: மாட்டிவிட்டேன். ஸ்டார்ட் ஆகவில்லை, கார்புரேட்டர் வழியாகப் பட் பட்டென்று வெடிக்கிறது.

கம்ப்ரெஷன் டாப்புக்குப் பதில் எக்ஸாஸ்ட் டாப்பில் மாட்டியிருக்கிறீர்கள். இல்லையென்றால் பிளக் ஒயர் வரிசை தப்பு. நாலு சிலிண்டரில் பெரும்பாலும் 1-3-4-2, பீட்டிலில் 1-4-3-2. ரோட்டர் சுற்றும் திசையையும் பாருங்கள். மினியில் கடிகாரத்துக்கு எதிர்த்திசை, பீட்டிலில் கடிகாரத் திசை. வரிசை சரியாக இருந்து திசையைத் தப்பாக எடுத்தாலும் இதே வெடிதான்.

கே: நீங்கள் சொன்னபடி வரிசையைச் சரிசெய்தேன், வெடிப்பது நின்றது. ஆனால் செல்ஃப் அடிக்கும்போது ஒன்றும் இல்லை. சாவியை விடும் அந்தக் கணத்தில் மட்டும் ஒரு தடவை பிடிப்பது போல இருமுகிறது.

மாட்யூலுக்குக் கரன்ட் கொண்டுவரும் சிவப்பு ஒயரை எங்கிருந்து எடுத்தீர்கள்? ரேடியோ, வைப்பர் போகும் முனையிலிருந்து எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பல சாவி சுவிட்சுகளில் செல்ஃப் அடிக்கும்போது அந்த முனைக்குக் கரன்ட் நின்றுவிடும். செல்ஃப் அடிக்கும்போதும் ஓடும்போதும் கரன்ட் இருக்கும் இக்னிஷன் முனைக்கு மாற்றுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்க, நீங்கள் மாட்யூலின் சிவப்பு ஒயரில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். அங்கே 9 வோல்ட்டுக்கும் கீழே போனால் ஒயரை மாற்றியும் பயன் இல்லை, பேட்டரியையோ எர்த் பட்டையையோ பாருங்கள்.

இதற்கு நேர் எதிராக, செல்ஃப் அடிக்கும்போது பிடித்து, சாவியை விட்டதும் அணைந்தால், காயிலுக்குப் போகும் கரன்ட்டைக் குறைக்கும் பாலஸ்ட் ரெசிஸ்டர் போய்விட்டது.

கே: அந்தப் பாலஸ்ட் ரெசிஸ்டரை எடுத்துவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஆளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம், காயிலைக் கேட்காமல் பதில் சொல்வதுதான். காயிலின் இரண்டு சிறு முனைகளுக்கும் ஒயர்களைக் கழற்றிவிட்டு ஓம் அளந்து பாருங்கள். மீட்டரின் ஒயர்களை ஒன்றோடொன்று தொட்டால் வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். 3 ஓம் அருகில் வந்தால் அது பாலஸ்ட் தேவையில்லாத காயில். 1.5 ஓம் வந்தால் பாலஸ்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும் காயில். சில வண்டிகளில் பாலஸ்ட் பீங்கான் கட்டியாகக் கண்ணுக்குத் தெரியாது, ஒயர் கட்டுக்குள் ரெசிஸ்டன்ஸ் ஒயராக ஒளிந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது காயில் பாசிட்டிவில் 6 முதல் 9 வோல்ட் காட்டினால் பாலஸ்ட் எங்கேயோ இருக்கிறது.

இனி மாட்யூல். அதற்கு முழு 12 வோல்ட் வேண்டும். அதனால் மாட்யூலின் ஃபீடைப் பாலஸ்ட்டுக்கு முன்னால் எடுத்து, காயிலைப் பாலஸ்ட்டுக்குப் பின்னால் இருந்தபடியே விடுங்கள். பலரும் வசதிக்காகச் சிவப்பு ஒயரைக் காயில் பாசிட்டிவிலேயே மாட்டிவிடுகிறார்கள். 3 ஓம் காயிலில் அது சரி. பாலஸ்ட் காயிலில் மாட்யூல் அரைப் பட்டினியில் ஓடும், சூடானதும் மிஸ்ஸிங் வரும்.

கே: இரண்டாவது மாட்யூலும் எரிந்துவிட்டது. இந்தப் பொருளே தரமில்லையா?

இரண்டு எரிந்திருந்தால் வண்டியில் ஏதோ எரிக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓடும்போது சுமார் 14 வோல்ட். 3 ஓம் காயில் 4.7 ஆம்பியர் இழுக்கும். அதே இடத்தில் பாலஸ்ட் இல்லாமல் 1.5 ஓம் காயில் இருந்தால் 9.3 ஆம்பியர். பாயின்ட் அதைக் கருகிக்கருகிக் கொஞ்ச நாள் தாங்கும். கரன்ட்டைத் தானே கட்டுப்படுத்தாத மாட்யூல் தாங்காது. மாட்யூலோடு வந்த தாளில் குறைந்தபட்சக் காயில் ஓம் எவ்வளவு என்று போட்டிருக்கும், அதற்குக் கீழே போகாதீர்கள். "ஸ்போர்ட்ஸ்" காயில் என்று பளபளப்பாக வருவது பெரும்பாலும் குறைந்த ஓம் காயில்.

மற்ற காரணங்களும் உண்டு. எஞ்சின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டு ரேடியோ கேட்பது முதல் குற்றவாளி. பழைய வகை மாட்யூல்கள் அப்போது காயில் வழியே கரன்ட்டைத் தொடர்ந்து விட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் கொதிக்கும். ஸ்பார்க் பார்க்கிறேன் என்று காயிலின் பெரிய ஒயரை அந்தரத்தில் தொங்கவிட்டுச் செல்ஃப் அடிப்பது இன்னொன்று. அந்த வோல்ட்டேஜ் வெளியே போக வழியில்லாமல் உள்ளே பாயும். எப்போதும் ஒரு பிளக்கையோ டெஸ்டரையோ மாட்டி எர்த்தில் வைத்தே பாருங்கள். ஷாக் அடித்தால் பாயின்ட் காலத்து ஷாக் போல லேசாக இருக்காது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஓடும் எஞ்சினில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

மாட்யூல் தட்டையாக உலோகத்தின் மேல் உட்காரும் வகையென்றால் அடியில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவினீர்களா? அது அலங்காரத்துக்குக் கொடுப்பதில்லை.

கே: என் 1960 மாடலில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் மாட்டியிருக்கிறது. சாதாரண கிட் போடலாமா?

போட்டால் சாவியைத் திருப்பிய நொடியில் போய்விடும். பாசிட்டிவ் எர்த்துக்கென்றே கிட் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

கே: இருபது நிமிடம் நன்றாக ஓடி, சூடானதும் நின்றுவிடுகிறது. அரை மணி கழித்து ஸ்டார்ட் ஆகிறது. மாட்யூல்தானே?

இருக்கலாம். நின்ற அந்த நிமிடத்தில் பார்த்தால்தான் தெரியும். ஆறிய பிறகு எல்லாம் நல்லபிள்ளையாக இருக்கும். டூல் பாக்ஸில் ஒரு பழைய பிளக் வையுங்கள். வண்டி நின்றதும் காயிலின் பெரிய ஒயரில் மாட்டி, பிளக்கின் உடம்பு எஞ்சினைத் தொடும்படி வைத்து, பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில் செல்ஃப் அடியுங்கள். நீலமாகப் பளிச்சென்று வந்தால் காயில், மாட்யூல் இரண்டும் விடுதலை. கேப், ரோட்டர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சூட்டில் பைப்பிலேயே ஆவியாகும் பெட்ரோலைச் சந்தேகப்படுங்கள்.

ஸ்பார்க் இல்லையா? காயில் பாசிட்டிவில் கரன்ட் வருகிறதா பாருங்கள். வந்தால், கையில் இருக்கும் வேறு காயிலை மாட்டிப் பாருங்கள். காயிலும் சூட்டில் போகும் ஜாதிதான், மாட்யூலை விட மலிவு வேறு. அதற்கும் அசையவில்லை என்றால் ஆறிய எஞ்சினில் முடி உலர்த்தும் டிரையரால் மாட்யூலை மட்டும் சூடாக்கிப் பாருங்கள். ஸ்பார்க் நின்றால் வழக்கு முடிந்தது.

யாரும் பார்க்காத ஒரு இடமும் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பிக்கப்பிலிருந்து வெளியே வரும் சின்ன ஒயர், வாக்யூம் தட்டு நகரும்போதெல்லாம் வளைந்து நிமிரும். நாளடைவில் மேல் தோல் அப்படியே இருக்க உள்ளே செம்பு அறுந்துவிடும். ஐடிலிங்கில் ஓடும், மிதித்தால் நிற்கும். வாக்யூம் ட்யூபை வாயால் உறிஞ்சித் தட்டை நகர்த்திக்கொண்டே மீட்டரில் தொடர்பைப் பார்த்தால் பிடிபடும்.

கே: ஐடிலிங் அருமை. 3000 ஆர்பிஎம் தாண்டினால் தாறுமாறாக மிஸ்ஸிங்.

பிளக் ஒயர் பழைய செம்புக் கம்பி வகையா? அது கிளப்பும் மின் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும். கார்பன் அல்லது சுருள் கம்பி வகை ஒயர் போடுங்கள். பிளக்கும் ரெசிஸ்டர் வகையாக இருந்தால் நல்லது. அடுத்து ரோட்டர். மலிவு ரோட்டர்களில் நடுவிலுள்ள ரிவெட் ஷாஃப்டுக்கு மிக அருகில் வந்து, ஸ்பார்க் பிளக்குக்குப் போகாமல் ஷாஃப்டில் இறங்கிவிடும். புதிய ரோட்டர் என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. கழற்றிய பழையது இருந்தால் அதை மாட்டி ஓட்டிப் பாருங்கள்.

கே: மாற்றியதிலிருந்து ஆர்பிஎம் முள் குதிக்கிறது.

ஸ்மித்ஸ் மீட்டரா? முகப்பில் ஆர்.வி.ஐ. என்று இருந்தால் அது காயிலுக்குப் போகும் கரன்ட்டை எண்ணும் பழைய வகை. மாட்யூல் ஃபீடை மீட்டருக்கு முன்னாலேயே எடுத்து, காயில் கரன்ட் மட்டும் மீட்டர் வழியே போகும்படி செய்யுங்கள். அப்படியும் குதித்தால் உள்ளே மாற்றித்தரும் ஆட்களிடம் கொடுக்க வேண்டியதுதான். ஆர்.வி.சி. என்றால் காயில் நெகட்டிவில் மாட்டினால் போதும்.

கே: டைமிங்கைப் பழைய இடத்திலேயே விடலாமா?

கூடாது. பாயின்ட் திறக்கும் இடமும் பிக்கப் வெட்டும் இடமும் ஒன்றல்ல, பல டிகிரி விலகும். வாக்யூம் ட்யூபைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டால் மேனுவலில் உள்ள டிகிரிக்கு வையுங்கள். பிறகு 3500 வரை உயர்த்தி மொத்த அட்வான்ஸையும் பாருங்கள். வாக்யூம் இல்லாமல் 30 முதல் 36 டிகிரிக்குள் நிற்பதுதான் பெரும்பாலான பழைய எஞ்சின்களுக்கு வழக்கம். சுமையோடு ஏற்றத்தில் டொக் டொக்கென்று நாக்கிங் கேட்டால் 2 டிகிரி குறையுங்கள். சூடான எஞ்சினில் செல்ஃப் திணறி எதிர்த்து உதைத்தாலும் அட்வான்ஸ் அதிகம்தான். வண்டி சோர்ந்து ஓடி எக்ஸாஸ்ட் கொதித்தால் ரிடார்ட், அதாவது ஸ்பார்க் தாமதமாக வருகிறது.

கே: கண்டென்சரையும் சும்மா விட்டு வைக்கலாமா? பிளக் சந்து?

காயில் நெகட்டிவில் இருக்கும் கண்டென்சரை எடுத்துவிடுங்கள். பாசிட்டிவில் ரேடியோ இரைச்சலுக்காக இருப்பது இருக்கட்டும். பிளக்கை 0.6 மி.மீ.யிலிருந்து 0.8 வரை திறக்கலாம். கேப்பும் ஒயரும் பழசு என்றால் 0.65க்கு மேல் வேண்டாம்.