வாகனக் கேள்வி பதில்: கசியும் டீசல் டேங்க்

கேள்வி: எங்கள் தேயிலைக் கொழுந்து லொறிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. சேஸியின் பக்கவாட்டில் 100 லீற்றர் இரும்பு டேங்க். டேங்கைக் கட்டிப் பிடிக்கும் முன் பட்டியின் அடியில் எப்போதும் ஈரம், டீசல் மணம். வெல்டிங் பாஸ், "கழற்றத் தேவையில்லை, அப்படியே ஒரு பொட்டு வைத்துவிடலாம்" என்கிறார். செய்யலாமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: தயவுசெய்து செய்ய விடாதீர்கள். "டீசல்தானே, பெற்றோல் இல்லையே" என்ற நினைப்பில்தான் விபத்து நடக்கிறது. சாதாரணக் குளிரில் டீசல் எளிதில் பற்றாது என்பது சரி. ஆனால் வெல்டிங் சூடு தகட்டில் ஏறியதும், தகட்டின் இணைப்பு மடிப்பில் ஒட்டியிருக்கும் கசடு ஆவியாகி உள்ளே இருக்கும் காற்றோடு கலக்கும். மூடிய பாத்திரத்தில் அது பற்றினால் டேங்க் வெடிக்கும். நிரம்பிய டேங்கைவிட, காலியானது என்று நினைக்கும் டேங்கே ஆபத்தானது.

கழற்றுவதற்கு முதல் நாளே பட்டி நட்டுகளைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள், மலையில் கிடைப்பது அரிது என்றாலும், சமதரையைத் தேடி நிறுத்தி, சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். கராஜ் குழியின் மேல் நிறுத்த வேண்டாம். எரிபொருள் ஆவி காற்றைவிடக் கனமானது, குழிக்குள் இறங்கித் தங்கிவிடும். பெற்றரியில் மைனஸ் வயரை முதலில் எடுங்கள்.

அடுத்தது டீசலை இறக்குவது. 100 லீற்றர் டீசல் ஏறத்தாழ 84 கிலோ. பாதி இருந்தாலும் ஜாக்கின் மேல் ஒரு பக்கம் ஓடி டேங்கைப் புரட்டிவிடும். அடித் திருகு இறுகியிருந்தால் அடித்துத் திருப்பி மடிப்பைக் கிழிக்காமல், மேலே இருந்து கைப்பம்பால் இறைத்துவிடுங்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சவே கூடாது. நுரையீரலுக்குள் டீசல் போனால் உயிருக்கே ஆபத்து.

எஞ்சினுக்குப் போகும் குழாய், திரும்பி வரும் குழாய் இரண்டிலும் அடையாளம் கட்டுங்கள். பல டேங்குகளில் திரும்பி வரும் குழாய் மேலேயே முடிந்துவிடும். இரண்டையும் மாற்றிப் பூட்டினால் டேங்க் நிரம்பியிருக்கும்வரை வண்டி ஓடும், டீசல் சற்று இறங்கியதும் நின்றுவிடும். காரணம் தெரியாமல் பம்பைக் கழற்றியவர்கள் உண்டு. குழாய் முனைகளைப் பொலித்தீன் சுற்றிக் கட்டுங்கள். துணியை அடைத்தால் நூல் உள்ளே போகும்.

பலகை வைத்த ஜாக்கை அடியில் கொடுத்து, இரு பட்டிகளையும் மாறி மாறிச் சமமாகத் தளர்த்தி, இரண்டு பேராக இறக்குங்கள். நட்டு அசையவில்லையா? கேஸ் நெருப்பும் வேண்டாம், கிரைண்டரும் வேண்டாம். எண்ணெய் விட்டுக் கொண்டே கை வாளால் அறுங்கள். புது போல்ட் போட்டால் போகிறது.

டேங்கை வெல்டிங் கடைக்குக் கொடுக்கும் முன், அளவுமானியின் மிதவையைக் கழற்றிக் கசடைக் கொட்டி, வெந்நீரும் சலவைத்தூளும் விட்டு இரண்டு மூன்று தடவை கழுவி, நீராவியும் பிடிக்க வேண்டும். பிறகு ஓட்டை மேலே வருமாறு சாய்த்து, அந்த இடத்துக்குச் சற்றுக் கீழ் வரை தண்ணீர் நிரப்பி, எல்லா வாய்களையும் திறந்து வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். வாய்கள் கீழ்ப்பக்கம் போய்த் தண்ணீரை அப்படி நிறுத்த முடியாவிட்டால், காபனீரொட்சைட்டு நிரப்பி வேலை செய்யும் கடையைத் தேடுங்கள். வேறொரு வண்டியின் சைலன்சர் புகையை டேங்குக்குள் விடும் பழக்கத்தை நம்ப வேண்டாம். சும்மா ஓடும் டீசல் எஞ்சின் புகையில் ஒட்சிசன் தாராளமாக மிச்சமிருக்கும்.

பொட்டு வைக்கும் முன் ஓட்டையைச் சுற்றிலும் ஊசியால் அழுத்திப் பாருங்கள். தகடு அமுங்கினால் பொட்டு நிற்காது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடுதான் வைக்க வேண்டும்.

கசிவு பார்க்கக் கொம்பிரசர் வேண்டாம். 60 சென்ரிமீற்றருக்கு 40 சென்ரிமீற்றர் தகட்டில் வெறும் 2 பிஎஸ்ஐ காற்றே 300 கிலோவுக்கு மேல் தள்ளும். சைக்கிள் பம்பால் ஒரு பிஎஸ்ஐ அளவில் கொடுத்துச் சோப்பு நீர் தடவினால் போதும்.

இனி, பட்டியின் அடியில் ஏன் ஓட்டை விழுந்தது? பட்டிக்கும் டேங்குக்கும் இடையில் சாக்கோ பழைய கம்பளமோ வைத்திருப்பார்கள். உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழையும் பனிமூட்டமும் விடுவதில்லை. ஊறிய சாக்கு காயவே காயாது, தகடு அங்கேதான் அரிக்கும். இந்த முறை துருத் தடுக்கும் ரெட் ஒக்சைட் பூச்சைப் பூசி, மேலே பெயின்ட் அடித்து, தண்ணீர் குடிக்காத ரப்பர் பட்டை வையுங்கள். கெட்டியான பழைய டியூப்பை வெட்டி வைத்தாலும் சரி. பட்டியை ரப்பர் அமுங்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி, இரட்டை நட்டு போட்டு, முதல் 100 கிலோமீற்றருக்குப் பின் மறுபடி பாருங்கள். இதைச் செய்யாமல் ஓட்டையை மட்டும் அடைத்தால் அடுத்த ஓட்டை பக்கத்திலேயே வரும்.

கேள்வி: டேங்கைப் பூட்டிய பிறகு எஞ்சின் பிடிக்கிறது, இரண்டு நிமிடத்தில் அணைகிறது. எங்கும் டீசல் சொட்டவில்லை.
– வாசகர், ஹப்புத்தளை

பதில்: சொட்டாததால்தான் கண்டுபிடிக்கக் கஷ்டம். டேங்கிலிருந்து வரும் குழாயில் எஞ்சின் உறிஞ்சுகிறது. இணைப்பு தளர்ந்திருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். இணைப்புப் போல்ட்டின் இரு பக்கச் செப்பு வாஷர்களையும் மாற்றுங்கள். புதிது கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மறுபடி மென்மையாகும். பிறகு டேங்கில் 20 லீற்றராவது ஊற்றி, பில்ட்டரின் காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப்பம்பை அடியுங்கள். அடுத்து எஞ்சினின் டீசல் பம்பில் உள்ள காற்றுத் திருகையும் இதே மாதிரித் தளர்த்திக் காற்றை எடுங்கள். அப்போதும் அணைந்தால், பில்ட்டருக்கு முன்னால் ஒரு முழம் தெளிவான பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் பூட்டிப் பாருங்கள், குமிழி வருவது கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: ரம்பொடை ஏற்றத்தில் மட்டும் வண்டி மூச்சுத் திணறுகிறது. டேங்க் மூடியைத் திறந்தால் "உஸ்" என்று சத்தம் வந்து சரியாகிறது.
– வாசகர், நுவரெலியா

பதில்: மூடியில் உள்ள காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய டேங்குக்குள் காற்றுப் போக வழியில்லாமல், டீசல் எஞ்சினுக்கு வரத் திணறுகிறது. மூடியை டீசலில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் துளையைச் சுத்தம் செய்யுங்கள். மழைநீர் இறங்குமென்று பொலித்தீன் சுற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள். மூடியின் ரப்பரைப் புதிதாக்குவதே அதற்கு வழி.