மானியத்தை நிறுத்திவிட்டார்கள், வழக்குப் போடலாமா?

கேள்வி: வீட்டில் அடி உதை படும் பெண்களுக்கு உதவ தாராவியில் தமிழ்ப் பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறோம். எங்களுக்கு வந்துகொண்டிருந்த அரசு மானியத்தை இந்த வருடம் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். ‘எல்லாருக்கும் பொதுவான மையம் வருகிறது, தமிழ்ப் பெண்களுக்குத் தனியாக எதற்கு’ என்கிறார்கள். லண்டனில் இப்படி ஒரு பெண்கள் அமைப்பு வழக்குப் போட்டு ஜெயித்ததாமே, நாங்களும் போடலாமா?
- ஒரு வாசகி, மும்பை

பதில்: சகோதரி, அது 2008-இல் நடந்த சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் வழக்கு. வீட்டில் அடி உதை படும் ஆசிய, கறுப்பினப் பெண்களுக்கு உதவும் அமைப்பு அது. அவர்களிடமும் மானியம் கொடுத்துவந்த ஈலிங் கவுன்சில் (லண்டனின் ஒரு பகுதிக்கான உள்ளாட்சி மன்றம்) இதே பேச்சைத்தான் பேசியது. வழக்கு விசாரணையின் இரண்டாம் நாளே கவுன்சில் பின்வாங்கிவிட்டது, ஆனாலும் விஷயம் முக்கியமானது என்று நீதிபதி மோசஸ் தீர்ப்பை எழுதியே கொடுத்தார். பணம் கொடுத்தே ஆகவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. முடிவெடுப்பதற்கு முன்னாலேயே, இது எந்தப் பெண்களைப் பாதிக்கும் என்று யோசித்திருக்க வேண்டும், முடிவெடுத்த பிறகு ஒப்புக்கு ஓர் அறிக்கை தயாரித்தால் போதாது என்பதுதான் விஷயம். அங்கே அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது, இப்போது 2010 சமத்துவச் சட்டத்தின் 149-ஆம் பிரிவு.

நம் நாட்டில் அப்படி ஒரு பிரிவு இல்லை, மானியத்தை உரிமை என்று கேட்கவும் முடியாது. ஆனால் அரசு தன் இஷ்டத்துக்கு, காரணமே இல்லாமல் நடக்கக் கூடாது என்பதற்கு அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு இருக்கிறது. பெண்களுக்கென்று தனி ஏற்பாடு செய்யலாம் என்று 15(3) வெளிப்படையாகவே சொல்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் மராத்தியோ ஹிந்தியோ பேச வராமல் விழிக்கும் ஒரு பெண்ணுக்குப் பொது மையம் இருந்தும் இல்லாத மாதிரிதான், அதனால் ‘தனியாக எதற்கு’ என்ற பேச்சுக்கு நீங்கள் அசர வேண்டியதே இல்லை.

முதலில் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். பாதிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியது தகவல் உரிமைச் சட்டம் 4(1)(d)-படி அவர்கள் கடமை. சங்கத்தின் பெயரில் இல்லாமல் உங்களில் ஒருவர் பெயரில் மனுப் போட்டு, ஃபைலில் எழுதிய குறிப்புகளின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. அப்புறம் உங்கள் பதிவேட்டை எடுத்து, போன வருடம் வந்தவர்களில் தமிழ் மட்டுமே தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று, பெயர் இல்லாமல், கணக்கெடுத்து வையுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

இந்த இரண்டும் கையில் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு (அரசின் முடிவை எதிர்த்துப் போடும் மனு) போடுவது பற்றி வக்கீலிடம் பேசலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு, சட்டப் பணிகள் ஆணையத்தில் போய்க் கேளுங்கள். ரொம்ப நாள் கழித்துப் போனால் தாமதத்தைச் சொல்லியே மனுவைத் தள்ளிவிடக்கூடும், அதனால் தகவல் மனுவை இந்த வாரமே போட்டுவிடுங்கள்.