டாக்ஸிசைக்ளின் எடுத்தும் காய்ச்சல் விடவில்லை என்றால்

லைம் நோய்க்கு (உண்ணி கடித்து வரும் பாக்டீரியா தொற்று) டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தொடங்கி ஐந்து நாளாச்சு, இன்னும் குளிர்காய்ச்சல், ராத்திரி சட்டை நனையும் வியர்வை, மற்ற உண்ணிக் காய்ச்சல்களுக்கும் டெஸ்ட் எடுக்கணுமா என்று கேட்டிருக்கீங்க. எடுத்துடுங்க, தள்ளிப்போடாதீங்க.

லைமைப் பரப்பும் அதே உண்ணி ஒரே கடியில் அனாபிளாஸ்மா என்ற பாக்டீரியாவையும் பபீசியாவையும் ஏற்றிவிடலாம். அனாபிளாஸ்மா டாக்ஸிசைக்ளினுக்கே அடங்கும். பபீசியா அடங்காது. அது மலேரியா மாதிரி ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்துகொள்ளும் ஒட்டுண்ணி. அதற்கு அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பாங்க.

ரத்த ஸ்மியர் (ரத்தத் துளியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது), பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) இரண்டையும் கேளுங்க. ஆன்டிபாடி டெஸ்ட் மட்டும் போதாது, எப்போதோ வந்துபோன தொற்றையும் அது காட்டும். கூடவே சிபிசியும் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) எடுங்க, ஹீமோகுளோபினோ தட்டணுவோ (பிளேட்லெட்) குறைந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். சிறுநீர் கருத்துப் போனாலோ, மண்ணீரல் எடுத்தவர் என்றாலோ இன்றைக்கே டாக்டரைப் பாருங்க.

(காய்ச்சலே இல்லாமல் வெறும் அசதி என்றிருந்தால், இந்த டெஸ்டுகள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.)