முகக்கவச விதியை ஐந்து அண்டை வீட்டுக்காரர்கள் தலையில் கட்டியது யார்?

"கொரோனா காலத்தில் அமெரிக்கச் சிறு நகரங்களின் நகர ஆணையக் கூட்டங்கள் ஏன் அப்படிக் கொந்தளித்தன? முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொள்வதில் சண்டை போட என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தென்மேற்குக் கான்சஸில் ஒரு சிறு நகரத்தில் மருத்துவமனை ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். 2020 இலையுதிர்காலத்தில் எங்கள் ஊர் ஆணையம் முகக்கவச விதிக்காக நடத்திய கூட்டத்தில் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். மக்கள் அறிவியலை நம்பவில்லை, அதனால் கத்தினார்கள் என்று பலரும் சொல்லும் காரணம் எனக்குப் போதவில்லை. மேலிடத்தில் இருந்தவர்கள் எடுத்திருக்க வேண்டிய முடிவு படிப்படியாகக் கீழே தள்ளப்பட்டு, கடைசியில் ஊருக்குள் எல்லோருக்கும் தெரிந்த ஐந்து பேரின் தலையில் கட்டப்பட்டது என்பதே என் முடிவு. கோபத்தின் அளவுக்கும் அது போய்ச் சேர்ந்த இடத்துக்கும் இருந்த பொருத்தமின்மை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நகர ஆணையம் என்றதும் கட்சி வாரியாக உறுப்பினர்கள் அமர்ந்திருக்கும் பெரிய மாமன்றத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். கான்சஸ் நகரங்கள் பலவற்றில் ஐந்து ஆணையர்கள் மட்டுமே இருப்பார்கள். அவர்களுக்குள் ஒருவரையே மேயராகத் தேர்ந்துகொள்வார்கள். அன்றாட நிர்வாகத்தைச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட நகர மேலாளர் பார்த்துக்கொள்வார். ஆணையர்களுக்கு வேறு தொழில் இருக்கும், அல்லது அவர்கள் ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். தண்ணீர்க் கட்டணம், சாலைப் பராமரிப்பு, மனைப் பிரிவு, மதுக்கடை உரிமம் ஆகியவைதான் அவர்களின் வழக்கமான அலுவல். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் உங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவரும், மளிகைக் கடையில் உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவரும் அவர்களே.

இப்படிப்பட்டவர்களிடம் ஒரு பெருந்தொற்றின் முடிவு எப்படி வந்து சேர்ந்தது? 2020 பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி ஜெரோம் ஆடம்ஸ், முகக்கவசம் வாங்குவதை நிறுத்துங்கள் என்று பொதுமக்களை வேண்டிக்கொண்டார். ஏப்ரல் 3 அன்று நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, எல்லோரும் துணிக் கவசம் அணியலாம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை வந்தது, நாடு முழுமைக்குமான கட்டாயம் வரவில்லை. அதே மாதம் 28ஆம் தேதி, இறைச்சி பதப்படுத்தும் ஆலைகள் தொடர்ந்து இயங்க வேண்டும் என்று அதிபர் டிரம்ப் பாதுகாப்பு உற்பத்திச் சட்டத்தின் கீழ் உத்தரவிட்டார். மாட்டிறைச்சி ஆலைகளை நம்பியே வாழும் எங்கள் பகுதிக்கு அந்த உத்தரவின் பொருள், தொற்று பரவினாலும் தொழிலாளர்கள் வேலைக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான். கான்சஸ் ஆளுநர் லாரா கெல்லி ஜூலை 3 முதல் மாநிலம் முழுவதும் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கினார். ஆனால் அதற்கு முந்தைய மாதமே, ஆளுநரின் உத்தரவைவிடத் தளர்வான விதியை, மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகளான கவுண்டிகள் தாங்களே வகுத்துக்கொள்ளலாம் என்று மாநிலச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. மொத்தம் 105 கவுண்டிகளில் ஆகஸ்ட் நடுவில் 24 கவுண்டிகளில் மட்டுமே முகக்கவசம் கட்டாயமாக இருந்தது. மற்ற 81 விலகிக்கொண்டன. வாஷிங்டன் மாநிலத் தலைநகரான டொபீகாவைக் கைகாட்டியது, டொபீகா கவுண்டியைக் கைகாட்டியது. கவுண்டி ஒதுங்கிக்கொண்ட இடங்களில் மிஞ்சியது நகர ஆணையம்தான். அதற்கும் கீழே தள்ள ஆளில்லை.

டாட்ஜ் சிட்டியில் நடந்ததைச் சொன்னால் இதன் விலை என்ன என்பது புரியும். ஏறத்தாழ 28,000 பேர் வாழும் ஊர் அது. கார்கில், நேஷனல் பீஃப் என்னும் இரண்டு பெரிய இறைச்சி ஆலைகள் அங்கே உள்ளன. மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஸ்பானிய மொழிப் பின்னணி கொண்டவர்கள். அந்த ஊர் அமைந்துள்ள ஃபோர்ட் கவுண்டி, தொற்றின் தொடக்க மாதங்களிலேயே மாநிலத்தில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட கவுண்டிகளுள் ஒன்றாகிவிட்டது. இருந்தும் நகர ஆணையம் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியது நவம்பர் 16 அன்றுதான். நால்வர் ஆதரித்தார்கள், ஒருவர் எதிர்த்தார். மேயர் ஜாய்ஸ் வார்ஷா ஆதரித்த நால்வரில் ஒருவர். டிசம்பர் 11 அன்று யுஎஸ்ஏ டுடே நாளிதழில் அந்த ஊரைப் பற்றி வந்த கட்டுரையில் அவர் அந்த முடிவுக்கு ஆதரவாகப் பேசியிருந்தார். அதன் பிறகு அவருக்கு மிரட்டல் அழைப்புகளும் மின்னஞ்சல்களும் வரத் தொடங்கின. டிசம்பர் 15 அன்று, இந்தப் பொறுப்பில் தமக்குப் பாதுகாப்பு இருப்பதாகத் தாம் உணரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு உடனடியாகப் பதவி விலகினார். வாக்களித்து ஒரு மாதம்கூட முடியவில்லை. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஊரில் ஆதரித்து வாக்களித்த ஆணையர்களின் வீடுகள் எந்தத் தெருவில் இருக்கின்றன என்பது எனக்கே தெரியும் என்றால், ஆத்திரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு வருகிறேன். இடைவெளி விட்டு நாற்காலிகள் போட்டிருந்ததால் பாதிப் பேர் வெளி நடையில்தான் நின்றார்கள். பேச விரும்புபவர் ஒரு சீட்டில் பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு மைக்குக்கு முன்னால் வந்து அதே பெயரையும் முகவரியையும் வாய்விட்டுச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். மேசையில் சிறு விளக்குப் பெட்டி ஒன்று இருந்தது. பச்சை எரியும்போது பேசலாம், மஞ்சள் வந்தால் முடித்துக்கொள்ள வேண்டும், சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும். சிவப்பு எரிந்த பிறகும் பேசியவர்கள் இரு தரப்பிலும் இருந்தார்கள். நேரில் வராதவர்கள் அனுப்பிய மின்னஞ்சல்களை நகர எழுத்தர் ஒரே குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல் படித்தார். நான் அனுப்பிய கடிதமும் அப்படித்தான் படிக்கப்பட்டது. திட்டி எழுதியவற்றையும் கண்ணீரோடு எழுதியவற்றையும் அவர் ஒரே விதமாகப் படித்ததை இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன். ஒவ்வொரு குடிமகனின் சொல்லும் பதிவேட்டில் ஒரே எடையோடு ஏற வேண்டும் என்ற கடமையை அவர் அன்று நிறைவேற்றினார்.

எதிர்த்துப் பேசியவர்கள் எல்லோரையும் அறியாதவர்கள் என்று ஒதுக்குவது நியாயமில்லை. காது கேளாத தன் மகளுக்கு எதிரில் இருப்பவரின் உதடுகளைப் பார்த்தால்தான் பேச்சு புரியும் என்று ஒரு தாய் சொன்னார். அவருக்கு அந்த அரங்கில் யாரிடமும் பதில் இல்லை, பின்னர் விதியில் விலக்கு ஒன்று சேர்க்கப்பட்டதற்கு அந்த மூன்று நிமிடமே காரணம். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர், விதியை மீறும் வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டும் வேலை காவல்துறைக்கா எனக்கா என்று கேட்டார். பிப்ரவரியில் வாங்காதே என்றவர்கள் ஏப்ரலில் அணி என்கிறார்கள், எதை நம்புவது என்று ஒரு முதியவர் கேட்டார். மருத்துவமனைப் பணியாளர்களுக்குப் பற்றாக்குறை வந்துவிடக் கூடாது என்ற அச்சமும், அறிகுறி இல்லாதவர்களும் தொற்றைப் பரப்புகிறார்கள் என்ற புதிய அறிதலும் அந்த மாற்றத்துக்குக் காரணம் என்று மைய அரசே வெளிப்படையாக, திரும்பத் திரும்ப விளக்கியிருக்க வேண்டும். விளக்காமல் விட்ட பழி, மார்ச் மாதம் முழுவதும் சாலைப் பள்ளங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஆணையர்கள் மேல் விழுந்தது.

இன்னொரு பக்கம், சுதந்திரத்தைப் பறிக்க அரசுக்கு அதிகாரமே இல்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அது சட்டப்படி நிற்காத வாதம். மாசசூசெட்ஸில் பெரியம்மைத் தடுப்பூசி போட மறுத்து 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்ட ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற பாதிரியாரின் வழக்கில், பொதுச் சுகாதாரத்துக்காக நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905இலேயே தீர்ப்பளித்துவிட்டது. கட்டுப்பாடு நியாயமானதா என்பதைத்தான் விவாதிக்கலாம். அந்த விவாதத்துக்கு உரிய இடம் நகர ஆணையக் கூட்டமே என்பதையும் நான் மறுக்கவில்லை.

முகக்கவசம் பயன்பட்டதா என்பதில் என் தொழில் சார்ந்து ஒன்று சொல்ல வேண்டும். ஜூலை உத்தரவுக்குப் பிறகு, அதை ஏற்ற 24 கான்சஸ் கவுண்டிகளில் புதிய தொற்று விகிதம் 6 சதவீதம் குறைந்தது, ஏற்காதவற்றில் அது இரட்டிப்பானது என்று சிடிசியின் வார அறிக்கை நவம்பர் 20 அன்று தெரிவித்தது. டாட்ஜ் சிட்டி வாக்களித்து நான்கு நாள் கழித்துத்தான் அது வெளிவந்தது. அது கட்டுப்படுத்தப்பட்ட சோதனை அன்று. விதியை ஏற்ற கவுண்டிகளுக்கும் ஏற்காதவற்றுக்கும் வேறு வேறுபாடுகளும் உண்டு. அதே நவம்பரில் வெளியான டென்மார்க் ஆய்வு, அணிபவரைக் கவசம் காக்கிறது என்பதைத் தெளிவாக நிறுவவில்லை. ஆனால் அணிபவரிடமிருந்து பிறர் காக்கப்படுகிறார்களா என்பதை அது சோதிக்கவே இல்லை. வங்கதேசத்தின் 600 கிராமங்களில் நடந்து, 2021இல் முடிவுகள் வெளியான பெரும் ஆய்வு, அறுவைச் சிகிச்சைக் கவசங்கள் அறிகுறியுள்ள தொற்றை ஓரளவு குறைத்தன, முதியவர்களுக்கு அந்தப் பயன் அதிகம் என்று காட்டியது. பயன் உண்டு, அது அளவானது, எந்தக் கவசம் என்பதும் முக்கியம். மூன்று நிமிடத்துக்குள் இதைச் சொல்லி முடிப்பது கடினம். 'கவசம் காக்கும்' என்பதும் 'கவசம் பொய்' என்பதும் சில நொடிகளில் சொல்லிவிடக் கூடியவை.

என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. அந்த மாலை பேசியவர்களில் இறைச்சி ஆலைத் தொழிலாளி ஒருவர்கூட இல்லை. எங்கள் ஆய்வகத்துக்கு வந்த மாதிரிகளில் பெரும்பகுதி அவர்களுடையது. வெட்டும் வரிசையில் தோளோடு தோள் நின்று வேலை செய்கிறவர்கள், ஒரே காரில் நான்கைந்து பேராக வேலைக்குப் போகிறவர்கள், ஒரே வீட்டில் இரண்டு குடும்பமாக வாழ்கிறவர்கள். கூட்டம் மாலை 7 மணிக்கு. அந்த நேரத்தில் இரண்டாம் ஷிப்ட் நடந்துகொண்டிருக்கும். முதல் ஷிப்ட் முடிந்தவர்கள் விடியற்காலையில் எழ வேண்டியவர்கள். ஸ்பானிய மொழியில் பேச மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்யப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குடியேற்ற ஆவணங்களில் சிறு சிக்கல் இருப்பவர்கூட, நேரலையில் பதிவாகும் மைக்கில் தன் வீட்டு முகவரியைச் சொல்லத் துணிவாரா? விதியால் அதிகப் பயன் பெற வேண்டியவர்களின் குரல் இல்லாமலேயே விதியின் மேல் விவாதம் நடந்தது. இரு தரப்பிலும் எவரும் இதைக் குறிப்பிட்டுப் பேசவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இதெல்லாம் இந்தத் தலைமுறையின் புதிய நோய் என்று நினைப்பவர்களுக்கு, சான் பிரான்சிஸ்கோவை நினைவூட்ட விரும்புகிறேன். 1918 அக்டோபரில் இன்ஃபுளுயன்சா பரவியபோது அந்நகரின் மேற்பார்வையாளர் மன்றம் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியது; நவம்பர் 21 நண்பகலில் விதி நீங்கியபோது மக்கள் தெருவிலேயே கவசங்களைக் கழற்றி எறிந்தார்கள். காய்ச்சல் மீண்டும் ஏறியதும் 1919 ஜனவரி 17 அன்று விதி திரும்பி வந்தது. உடனே முகக்கவச எதிர்ப்புச் சங்கம் ஒன்று உருவானது. ஜனவரி 25 அன்று ட்ரீம்லேண்ட் அரங்கில் அது கூட்டிய கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். பிப்ரவரி 1 அன்று விதி நீக்கப்பட்டது. இடையே, டிசம்பரில், நகரச் சுகாதார அதிகாரி வில்லியம் ஹாஸ்லருக்குக் கையால் செய்த வெடிகுண்டு ஒன்று அனுப்பப்பட்டிருந்தது. எதிர்ப்புக்கும் மிரட்டலுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டை எல்லோரும் மதிக்கவில்லை என்பது அப்போதும் உண்மையாகவே இருந்தது. ஒரு வேறுபாடு உண்டு: ஹாஸ்லர் முழுநேர அதிகாரி, பின்னால் ஒரு பெருநகர நிர்வாகமே இருந்தது. 28,000 பேர் ஊரின் மேயருக்கு அப்படி எந்த அரணும் இல்லை.

கான்சஸில் பின்னர் நடந்தது இந்தச் சுமையைக் குறைக்கவில்லை. 2021 மார்ச்சில் நிறைவேறிய மாநிலச் சட்டம், உள்ளூர் அவசரக்கால உத்தரவால் பாதிக்கப்பட்டதாகக் கருதும் எவரும் வழக்குத் தொடரலாம் என்றும், நீதிமன்றம் 72 மணி நேரத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னது. ஏப்ரல் 1 அன்று சட்டமன்றத் தலைவர்களின் குழு ஆளுநரின் முகக்கவச உத்தரவை ரத்து செய்தது. முடிவெடுக்கும் பொறுப்பு கீழேயே இருந்தது. எடுத்தால் வழக்கு வரும் என்ற அச்சம் கூடுதலாகச் சேர்ந்தது.

ஆகவே, உங்கள் கேள்வியை நான் சற்றுத் திருப்பி வைப்பேன். மக்கள் ஏன் கத்தினார்கள் என்பதைவிட, அந்தக் கத்தலைக் கேட்டிருக்க வேண்டிய மேலிடத்தவர்கள் ஏன் அந்த அரங்கில் இல்லை என்று கேட்பது பயன் தரும். இன்னொரு தொற்று வந்தால் எங்கள் ஊரில் நான் கேட்கப்போவது மூன்று: ஷிப்ட் மாறும் பிற்பகல் நேரத்தில் ஒரு கூட்டம், மைக்கருகில் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர் ஒருவர், முகவரிக்குப் பதிலாக ஊரின் பெயரை மட்டும் சொன்னால் போதும் என்ற திருத்தம். மூன்றாவதை எழுத்தரிடம் ஏற்கெனவே எழுத்து மூலம் கொடுத்திருக்கிறேன்.